மச்சானின் கம்ப்யூட்டருக்கு மூன்று சிபாரிசு

1

என் மனைவியின் அண்ணன் மணப்பாறையில் தட்டச்சு நிலையம் வைத்திருக்கிறார். ஆறு மெஷின், ஒரு ஃபேன். போன வாரம் அவரிடமிருந்து கடிதம். கம்ப்யூட்டர் வாங்கிவிட்டாராம். போர்டையும் மாற்றிவிட்டாராம். இப்போது அது கம்ப்யூட்டர் கல்லூரி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கல்லூரி.

"மாப்பிள்ளை, சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்த பிறகுதான் பெட்டியைப் பிரித்தோம். அறைக்குக் குளிர்சாதனம் வைத்தாகிவிட்டது. செருப்பை வெளியே விட வேண்டும். மேலே பட்டுத்துணி போர்த்தியிருக்கிறோம். முதல் வருட மாணவர்கள் தினமும் பத்து நிமிடம் பார்க்கலாம். இரண்டாம் வருடம் தொடலாம். உள்ளே போடுவதற்கு நல்ல புரோகிராம் எது என்று எழுதவும். பெரிய கம்பெனி சரக்காக இருக்கட்டும். நாலு பேர் கேட்டால் பெயர் சொல்ல வேண்டும்."

கடைசி வரியில் இன்னொன்று. ஊரில் மாத இதழ் நடத்துகிறவர் மச்சானுக்குக் கூட்டாளி. நான் எழுதுவதை அப்படியே போட்டுக்கொள்வாராம். ஆகவே இது மச்சானுக்கு எழுதுகிறது. மற்றவர்களும் படிக்கலாம்.

நான் ஏழாவதோடு நின்றவன். இந்த மாதத்தோடு சிங்கப்பூருக்கு வந்து பதினாறு வருஷம். துவாஸில் கப்பல் ரிப்பேர் செய்யும் யார்டில் ஸ்டோர் கீப்பர். என் மேசையில் கம்ப்யூட்டர் இருப்பதால் ஊரில் என்னைக் கம்ப்யூட்டர் ஆள் என்கிறார்கள். என் மேசையில் கிரீஸ் டப்பாவும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மூன்று புரோகிராம் எனக்குத் தெரியும். மூன்றையும் செய்தவர்கள் தனி ஆட்கள். பெரிய கம்பெனி சரக்கும் ஒன்று தெரியும். அதையும் சொல்கிறேன்.

2

முதலில் சின்னது. நீங்கள் படிக்கிற இந்த எழுத்து.

நோரிஸ் ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒருவர் கடை வைத்திருக்கிறார். ரேடியோ ரிப்பேர் அவர் தொழில். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத ஒரு புரோகிராம் செய்திருக்கிறார். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வைத்து, அந்தப் புள்ளியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாராம். ஒரு வருஷம் ஆனதாம். அந்த வருஷம் ரேடியோ கொடுத்தவர்கள் பாட்டு கேட்கவில்லை.

முதலில் விற்றபோது அதில் 'ஞ' கிடையாது. விட்டுப்போய்விட்டது. யாரும் கேட்கவுமில்லை. பிறகு ஞானப்பிரகாசம் என்று ஒருவர் வந்து, என் பெயரைக் கடையில் வைத்துக்கொண்டு பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டாயா என்று சண்டை போட்டார். "உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்று கடைக்காரர் சொல்லி, வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் 'ஞ' செய்து கொடுத்தாராம். பெரிய கம்பெனியாக இருந்தால் ஞானப்பிரகாசத்தைப் பெயர் மாற்றச் சொல்லியிருக்கும்.

எங்கள் சர்ச் பாதிரியார் ஆபீசில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அதில்தான் அடிக்கிறேன். வீட்டில் என் மகள் ஸ்டெல்லா. பதினாலு வயது. என் கையெழுத்தை அவள் படிக்க மாட்டாள்.

"அப்பா, இது தமிழா? எறும்பு ஓடுற மாதிரி இருக்கு."

"தமிழ்தான்."

"பிரிண்ட் பண்ணதுன்னா ஓக்கே. டெக்ஸ்ட் புக் மாதிரி இருக்கு. ஆனா டூ லாங் லா. சம்மரி சொல்லுங்க."

லா என்பது இந்த ஊர்ப் பேச்சின் வால். பெரியப்பா, சின்னம்மா எல்லாம் எழுதுகிற கடிதத்துக்கு நான் சம்மரி சொல்கிறேன். எல்லாரும் நலம். கிணறு வற்றிவிட்டது. பணம் அனுப்பவும். அவள் தலையாட்டிவிட்டு டிவி பக்கம் போகிறாள். குறை சொல்லவில்லை. சம்மரி சரியாகத்தான் இருக்கிறது.

மச்சான், அந்தப் புரோகிராமை வாங்குங்கள். 'ஞ' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

3

என் வேலையைச் சொன்னால்தான் அடுத்தது புரியும்.

காலை ஐந்தரைக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டு முனையில் கம்பெனி லாரி. பின்னால் பலகையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம். ஏழு மணிக்கு ஸ்டோர் ஜன்னலைத் திறக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள். சுத்தி, ஸ்பானர், சங்கிலி, டார்ச். கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். சாயந்தரம் வாங்கி வைக்க வேண்டும். இதற்கு ஏழாவது போதும். நாலாவதும் போதும்.

அந்தக் காலத்தில் ஆளுக்கு ஐந்து பித்தளை வில்லை. வில்லையில் அவன் நம்பர் அடித்திருக்கும். வில்லையைக் கொடுத்துச் சாமானை வாங்குவான். சாமான் மாட்டியிருந்த ஆணியில் நான் வில்லையை மாட்டுவேன். சாயந்தரம் சுவரைப் பார்த்தால் போதும். ஆணியில் வில்லை தொங்கினால் சாமான் வெளியே. சாமான் வெளியே என்றால் ஆளும் வெளியே. கப்பலுக்கு அடியில் தண்ணீர் ரொப்பும் டேங்குகள் இருக்கும். ஆள் இறங்கிச் சுரண்டி, பெயிண்ட் அடிப்பான். வேலை முடிந்ததும் மேலே இருக்கும் ஓட்டையை மூடி போல்ட் போட்டு, தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். மூடுவதற்கு முன்னால் போர்மேன் வந்து என் சுவரைப் பார்ப்பார். பேச மாட்டார். பார்த்துவிட்டுப் போவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்தது. அப்போது இருந்த மேனேஜர் சிக்கனம். மிஸ் கோ என்று ஒரு சீனப் பெண்ணைக் கூப்பிட்டார். முப்பது வயதிருக்கும். பேங்க் வேலையை விட்டுவிட்டு, ஈசூனில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்து, சின்னக் கடைகளுக்குப் புரோகிராம் செய்கிறவர். ஆபீசு கிடையாது. விசிட்டிங் கார்டில் வீட்டு நம்பர்.

வந்தவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. இரண்டு நாள் என் ஸ்டோரில் நின்றார். மலாயும் இங்கிலீசும் கலந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மிஸ்டர் சவரி, ஏன் அந்த ஆள் சுவரைப் பார்த்துட்டுப் போறார்?"

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களான்னு பாக்க."

"சாமானையா? ஆளையா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

எழுதிக்கொண்டார்.

அவர் செய்த புரோகிராமில் அலங்காரம் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஆள் நம்பர், சாமான் நம்பர். போகும்போது ஒரு தட்டு, வரும்போது ஒரு தட்டு. சாயந்தரம் கணக்கை மூடச் சொன்னால் மூடாது. கேட்கும். இன்ன நம்பர் வரவில்லை, இன்ன சாமான், எங்கே என்று கேட்கும். சும்மா தட்டினால் ஏற்காது. ஏதாவது பதில் எழுத வேண்டும். ஒவ்வொரு நாளும் கேட்கும். பதில் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. 'கக்கூஸ்' என்று இங்கிலீசில் எழுதிவிடுவேன். மாதக் கடைசியில் பிரிண்ட் எடுத்தபோது மேனேஜர் கேட்டார், நம்ம யார்டில் எத்தனை கக்கூஸ் இருக்கிறது என்று.

ஆட்கள் அதற்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்தார்கள். வைத்தவன் அறந்தாங்கி முருகையன். டேங்க் சுத்தம் செய்கிறவன். நம்பர் இருநூற்றுப் பதினெட்டு. எப்போதும் கடைசியில் வருவான்.

"அண்ணே, டீச்சரம்மா என்னையக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"லவ் பண்ணுதுண்ணே. ஊர்ல ஒருத்தியும் என்னைய இப்படித் தேடல."

"டார்ச்ச வச்சிட்டுப் போ."

மிஸ் கோ போகும்போது வில்லைகளை எறிய வேண்டாம் என்றார். கரண்ட் போனால் சுவரைப் பாருங்கள் என்றார். தான் செய்ததை நம்பாத ஒரே வியாபாரியை அன்றுதான் பார்த்தேன்.

4

இந்த வருஷம் புது மேனேஜர், மிஸ்டர் டான். டை கட்டுகிறவர். சிக்கனம் அவருக்குப் பிடிக்காது. பெரிய கம்பெனி ஒன்றிடம் பெரிய புரோகிராம் வாங்கினார். மூன்று வருஷ ஒப்பந்தம். பன்னிரண்டு டிஸ்க், மூன்று தடிப் புத்தகம். கூடவே கேக் ஒன்றும் வந்தது. கேக் நன்றாக இருந்தது.

"சவரி, அந்தப் பொம்பள ஒரே ஆள் லா. நாளைக்கு அவள லாரி அடிச்சுட்டா யார் பாக்குறது?"

"என்னைய அடிச்சா சார்?"

"உனக்கு வேற ஆள் கிடைக்கும்."

விளக்கம் தெளிவாக இருந்தது. அதோடு நிற்கவில்லை. மாதக் கடைசியில் எனக்குச் சோதனை என்றார். புதுப் புரோகிராமை ஓட்டத் தெரிந்தால் ஜன்னல் எனக்கு. தெரியாவிட்டால் படித்த ஆள் ஒருவர் உட்காருவார், நான் போகலாம். எனக்கு நாற்பத்தாறு. யார்டுகளில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். இன்னொரு ஜன்னல் கிடைக்காது. வீட்டில் சொல்லவில்லை. என் மனைவி நான் சாப்பிடுகிற அளவைப் பார்த்தே கண்டுபிடித்தாள்.

புதுப் புரோகிராம் கலர் கலராக இருக்கும். திறந்தால் கம்பெனி சின்னம் சுற்றும். ஒரு ஸ்பானர் கொடுக்க நாலு பக்கம் தாண்ட வேண்டும். மூன்றாவது பக்கத்தில் ஸ்பானர் எந்த நாணயத்தில் வாங்கப்பட்டது என்று கேட்கும். வெளியே ஆட்கள் வெயிலில் நிற்பார்கள். "அண்ணே, ஸ்பானர் பொறந்துருச்சா?" என்பான் முருகையன்.

ஆனால் சாயந்தரம் அது எதையும் கேட்காது. ஐந்து மணிக்கு ஒரு கீயைத் தட்டினால், வராத சாமானையெல்லாம் 'வந்தது' என்று எழுதி, மறுநாள் காலை 'மறுபடி போனது' என்று தானே எழுதிக்கொள்ளும். பேப்பரில் கொட்டை எழுத்தில் வரும்: நிலுவை, பூஜ்யம். மேனேஜருக்கு அந்தப் பூஜ்யத்தின்மேல் ஆசை. கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார். அதைப் பார்த்துத்தான் இனி போர்மேன் டேங்கை மூட வேண்டும் என்று உத்தரவு. போர்மேன் என் ஜன்னலுக்கு வருவதை நிறுத்தினார். பேப்பரை நம்பச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிறார்கள். நம்பினார்.

பித்தளை வில்லைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். பாலிஷ் போட்டு, வெல்வெட்டில் பதித்து, கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். கீழே 'நம் பாரம்பரியம்' என்று எழுதியிருக்கிறது. விருந்தாளிகள் தொட்டுப் பார்க்க முடியாது.

புதுப் புரோகிராம் வந்த மூன்றாவது வாரம் திங்கட்கிழமை ஆபீசிலிருந்து கிளார்க் வந்து டீச்சரம்மாவை அழித்தான். என் கண் முன்னால். ஒரு வரி அடித்தான், போய்விட்டது. இரண்டு வருஷம் பேசியதற்கு ஒரு வரி.

5

இங்கே இரண்டாவது சிபாரிசு.

மிஸ் கோ எப்போதோ எனக்கு ஒரு டிஸ்க் கொடுத்திருந்தார். ஆஸ்திரேலியாவில் யாரோ ஒருவர் செய்தது. அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் புரோகிராம். செய்தவர் உள்ளேயே ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறார். நீயும் பயன்படுத்து, நண்பனுக்கும் காப்பி கொடு, உதவியாக இருந்தால் எனக்குப் பத்து டாலர் அனுப்பு, இல்லாவிட்டால் பரவாயில்லை. யார்டில் சொன்னபோது அந்த ஆளுக்கு மூளை சரியில்லை என்றார்கள். பூட்டில்லாத கடை வைத்திருக்கிறான் என்றார்கள்.

அழித்தது உடனே அழிவதில்லையாம். கம்ப்யூட்டர் அந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேறு எதையாவது அதன்மேல் எழுதினால்தான் போகும். நம் ஊர் தாலுகா ஆபீசில் உயிரோடு இருக்கிறவரைச் செத்தவர் என்று எழுதிவைக்கிற மாதிரி. ஆள் இருப்பார். மனு கொடுத்தால் திரும்ப வருவார்.

கிளார்க் சாப்பிடப் போன நேரத்தில் டிஸ்கைப் போட்டேன். அழிந்த பெயர்களின் பட்டியல் வந்தது. எல்லாப் பெயருக்கும் முதல் எழுத்து மட்டும் இல்லை. அதை நாம் சொல்ல வேண்டும். சொன்னேன். டீச்சரம்மா எழுந்து வந்தாள். தனி டிஸ்கில் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஏன் செய்தேன் என்று மகள் பிறகு கேட்டாள். பெரிய காரணம் இல்லை. இரண்டு வருஷமாகத் தினமும் கேள்வி கேட்டவள் திடீரென்று கேட்காமல் விட்டால் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதினேன். கலரில் ஒரு தடவை, பச்சையில் ஒரு தடவை. கண்டுபிடித்தால் சோதனைக்கு முன்னாலேயே வேலை போகும் என்பது தெரியும்.

அந்த ஆளுக்குப் பத்து டாலர் அனுப்பிவிட்டேன். பதில் கடிதம் கையால் எழுதியிருந்தார். அவர் கையெழுத்தும் எறும்பு ஓடுகிற மாதிரிதான் இருக்கிறது.

6

அந்த வெள்ளிக்கிழமை மழை. தகரக் கூரையில் கல் கொட்டுகிற மாதிரி. ஐந்து மணிக்குக் கலரில் தட்டினேன். நிலுவை, பூஜ்யம். கிளார்க் பேப்பரைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடினான். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். போர்மேனுக்குப் போனது.

பையிலிருந்து டிஸ்கை எடுத்துப் போட்டேன். பச்சை எழுத்தில் கேட்டது. இருநூற்றுப் பதினெட்டு வரவில்லை. டார்ச். எங்கே?

வெளியே லாரி ஹாரன். போய்ப் பார்த்தேன். எல்லாரும் தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டியிருந்தார்கள்.

"ஏறுங்கண்ணே! மழையில ஜூரோங் முழுக்க ஜாம் ஆயிடும்."

"முருகையன் எங்க?"

"மொத லாரியில போயிருப்பான்."

"பாத்தியா?"

"பாக்கலண்ணே. இன்னைக்கு டேக்கா மார்க்கெட் போய் மட்டன் பிரியாணி சாப்பிடணும்னு காலையிலேருந்து சொல்லிக்கிட்டு இருந்தான். அவனா நிப்பான்?"

"டார்ச் குடுக்கலையே."

இன்னொருவன் தலையை நீட்டினான். "அந்த ஓட்ட டார்ச்சுக்கா லாரிய நிறுத்தி வச்சிருக்கீங்க? திங்கக்கிழம குடுப்பான். அண்ணே, நாங்க நனையறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நியாயம்தான். நூறு தடவை அப்படித்தான் நடந்திருக்கிறது. நூறு தடவை கக்கூஸ் என்று எழுதியிருக்கிறேன். திரும்பிப் போய் ஒரு வார்த்தை எழுதி மூடியிருக்கலாம். ஜன்னலும் எனக்கு இருந்திருக்கும்.

மேனேஜர் அறைக்குப் போனேன். சட்டையிலிருந்து கார்ப்பெட்டில் தண்ணீர் சொட்டியது. அவர் முதலில் கார்ப்பெட்டைப் பார்த்தார்.

"சார், ஒரு ஆள் டேங்க்ல இருக்கான்னு நெனக்கிறேன். மூட வேணாம்."

"பேப்பர்ல ஜீரோ இருக்கே?"

"ஒரு டார்ச் வெளிய இருக்கு."

"கம்ப்யூட்டர் ஜீரோ சொல்லுது, சவரி."

"அதே கம்ப்யூட்டர்தான் சார். வேற புரோகிராம்."

"வேற எந்தப் புரோகிராம்?"

"நீங்க அழிச்சது."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார்.

"அழிச்சது எப்படி இருக்கும்?"

"இருக்கு சார்."

"இத நாம திங்கக்கிழம பேசணும்."

"பேசலாம் சார். இப்ப தண்ணி விடாதீங்கன்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். மேசையில் இருந்த பூஜ்யத்தின் நகலைப் பார்த்தார். அதில் அவர் கையெழுத்து இருந்தது. வாக்கி டாக்கியை எடுத்தார்.

நாங்கள் போய்ச் சேரும்போது மூடி வைத்து, பாதி போல்ட் முறுக்கியிருந்தார்கள். தண்ணீர்க் குழாயை மாட்டி வைத்திருந்தார்கள். போர்மேன் பேப்பரைக் காட்டினார். மேனேஜர் திற என்றார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றுவதை நின்று பார்த்தோம். போல்ட் முறுக்குவதைவிடக் கழற்ற அதிக நேரம் ஆகும். அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூடி நகர்ந்ததும் போர்மேன் குனிந்து கூப்பிட்டார். பதில் இல்லை. மழையில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு கேட்டது. இரும்பில் எதையோ தட்டுகிற சத்தம். டொக். டொக். நின்று, மறுபடி டொக்.

ஏணியில் கால் வழுக்கி, இரண்டாம் தட்டில் விழுந்து கிடந்தான். தொடை எலும்பு முறிந்திருந்தது. மூன்று மணியிலிருந்து கத்தியிருக்கிறான். மேலே மழை, பக்கத்து டேங்கில் சுரண்டுகிற மெஷின். தொண்டை கட்டிப்போய், தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றித் தட்டியிருக்கிறான். மூடி மூடுவதைக் கீழே இருந்து பார்த்திருக்கிறான். முதலில் வெளிச்சம் வட்டமாக இருந்ததாம். பிறகு பிறை மாதிரி ஆனதாம். பிறகு இல்லையாம்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். என்னைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. குரல் வரவில்லை. காதை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"டார்ச்சு கீழ விழுந்துருச்சுண்ணே. டீச்சரம்மாகிட்ட சொல்லிருங்க."

ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்தேன். திரையில் கேள்வி அப்படியே நின்றது. ஆஸ்பத்திரி என்று எழுதினேன். மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது.

7

திங்கட்கிழமை விசாரணை. ஆறு பக்கப் பாரம். தேடப் போனதற்குக் காரணம் என்ற இடத்தில் ஒரு நம்பர் எழுத வேண்டும். ஒன்று, அலாரம் அடித்தது. இரண்டு, சக தொழிலாளி தகவல். மூன்று, அறிக்கையில் நிலுவை. விசாரித்தவர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அலாரம் அடிச்சுதா?"

"இல்ல."

"யாராவது சொன்னாங்களா?"

"போயிட்டான்னு சொன்னாங்க."

"ரிப்போர்ட்ல நிலுவை இல்ல. அப்ப எதை வச்சுத் தேடின?"

"டார்ச் வரல."

"பாரத்துல டார்ச்சுக்கு நம்பர் இல்லையே."

கடைசியில் ஒன்பது போட்டார். ஒன்பது என்றால் இதர காரணங்கள்.

பெரிய கம்பெனியிலிருந்தும் கடிதம் வந்தது. தங்கள் புரோகிராம் ஒப்பந்தத்தில் சொன்னபடி சரியாக வேலை செய்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அது உண்மை. இந்த முறை கேக் வரவில்லை.

எனக்கு ஒரே உறையில் இரண்டு கடிதம். வீட்டில் ஸ்டெல்லா படித்தாள்.

"அப்பா, இதுல உங்கள வார்ன் பண்றாங்க. பெர்மிஷன் இல்லாத புரோகிராம் யூஸ் பண்ணீங்களாம். இதுல தேங்க்ஸ் சொல்றாங்க. விழிப்பா இருந்தீங்களாம். ரெண்டுலயும் சேம் சிக்னேச்சர்."

என் மனைவி தட்டில் சோறு வைத்துக்கொண்டே கேட்டாள். "எதங்க ஃப்ரேம் போடுறது?"

ஸ்டெல்லா இரண்டையும் மறுபடி படித்தாள். இந்தத் தடவை சம்மரி கேட்கவில்லை. "அந்த அங்கிள் பேர் என்னப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். முருகையன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

மாதக் கடைசியில் சோதனையை நடத்தியே தீர்த்தார்கள். பெரிய கம்பெனி ஆள், மேனேஜர், நான். இன்றைய கணக்கை முடித்து ஜீரோ எடுத்துக் காட்டு என்றார் கம்பெனி ஆள். டேங்கைப் பார்த்துவிட்டு வந்து எடுக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மேனேஜர் எழுந்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தானே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "யாரும் இல்ல" என்றார். பிறகு தட்டினேன். பூஜ்யம். பாஸ்.

ஜன்னல் எனக்கே. ஒப்பந்தம் இருப்பதால் கலர் புரோகிராமும் ஓடுகிறது. டீச்சரம்மாவை முறைப்படி வாங்கிவிட்டார்கள். புரோகிராமுக்கு ஒதுக்கிய பணமெல்லாம் தீர்ந்துவிட்டதால் எழுதுபொருள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். பசைக்கும் கார்பன் தாளுக்கும் நடுவில் இருக்கிறாள். போர்மேன் மறுபடி ஜன்னலுக்கு வருகிறார். பேசுவதில்லை. திரையைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

8

மூன்றாவது சிபாரிசு யார் என்பது இதற்குள் மச்சானுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு ஈசூனுக்குப் போனேன். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். சிராங்கூன் ரோட்டில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு போனேன். நாலாவது மாடி. மிஸ் கோவின் அம்மா மேசையின் ஒரு மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மறு மூலையில் கம்ப்யூட்டர்.

நடந்ததைச் சொன்னேன். எனக்கு நீளமாகப் பேச வராது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. உங்கள் புரோகிராமால் ஒரு ஆள் பிழைத்தான் என்று முடித்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். லட்டைக் கையில் எடுத்தவர் வாயில் போடவில்லை.

"அவர் டார்ச் வாங்கிட்டுப் போனதால தெரிஞ்சுது?"

"ஆமா."

"வாங்காம இறங்கியிருந்தா?"

நான் லட்டுப் பெட்டியின் நூலை விரலில் சுற்றினேன்.

"மிஸ்டர் சவரி, ஸ்டோர்ல எதுவும் வாங்காம டேங்க்ல இறங்குறவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. தொடச்சு சுத்தம் பண்றவங்க. துணி, வாளி அவங்ககிட்டயே இருக்கும். பெயிண்ட் பாக்க வர்றவர் சும்மா கைய வீசிட்டுத்தான் இறங்குவார்."

"ஒரு நாளைக்கு எத்தனை பேர்?"

"எட்டு, பத்து."

லட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். அம்மா சீனத்தில் என்னவோ கேட்டார். இவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டார். எனக்கு முதுகு காட்டிக்கொண்டே சொன்னார்.

"நீங்க சொன்னீங்க, சாமானும் ஆளும் ஒண்ணுதான்னு. நான் அப்படியே எழுதிட்டேன்."

"நாந்தான் தப்பாச் சொன்னேன்."

"கேட்டுக்கிட்டது நான்."

கிளம்புகிறேன் என்று சொன்னது அவர் காதில் விழவில்லை. அம்மாதான் கதவு வரை வந்து, ஒரு பையில் கீரையைப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு லாரி யார்டு வாசலில் நின்றது. காவலாளியோடு ஒரு பெண் வாதாடிக்கொண்டிருந்தார். பாஸ் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றான் அவன். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் நோட்டு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. யாரும் காசு தருவதாகவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் காவலாளியை விட்டுவிட்டு நேராக வந்தார்.

"இன்னைக்கு எந்த டேங்க்ல இறங்குறாங்க?" என்று கேட்டார்.